எனக்கு ஒண்டுமில்லை, சனத்துக்குத்தான்

சனத்துக்காகக் கவலைப்படுகிறவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இவருக்கென்று எந்த ஆட்சேபமும் கிடையாது; எதைக் காட்டினாலும் தாங்கிக்கொள்ளும் நெஞ்சு இவருக்கு. தாங்க முடியாதவர்கள் மற்றவர்கள். அந்த மற்றவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், இவரிடம் எப்போது வந்து முறையிட்டார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "எனக்கு ஒண்டுமில்லை" என்று தொடங்குவார். அப்போதே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். இனி வருவது நீளமாக இருக்கும்.

நம்முடைய இரத்தினவேல் இந்த இனத்தில் முதல் தரம். கனடாவில், ரொறன்ரோவின் புறநகரான ஸ்காபரோவில் ஒரு தமிழ் வானொலியில் சனிக்கிழமை தோறும் கலை விமர்சனம் செய்கிறார். அரங்கேற்றமோ, நூல் வெளியீடோ, குறும்படமோ, இரத்தினவேல் அண்ணை என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டுத்தான் பலர் காரை எடுப்பார்கள். அவருடைய தங்கை குணவதியும் அப்படித்தான்.

குணவதியின் மகள் துவாரகா ட்ரம் வாசிக்கிறவள். அவள் வாசிக்கும் புதிய இசை நாடகம் ஒன்று ரொறன்ரோ நகரத்துக்குள் நடந்துகொண்டிருந்தது. மாமனுக்கு ஒரு டிக்கெட் கொடுத்து வரச் சொன்னாள். போனார்.

கதாநாயகன் ஒரு கறுப்பின இளைஞன், தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவன். காதலிப்பது இன்னொரு ஆணை. கதை நடுவில் தொடங்கி முன்னுக்கும் பின்னுக்கும் பாய்ந்தது. செத்துப்போன பாதிரியார் எழும்பி வந்து ஆடினார். எந்தப் பாட்டும் முடியவில்லை. பாட்டு உச்சத்துக்கு ஏறுகிற நேரமாகப் பார்த்து அவனுடைய தாய் அவனுக்குப் போன் எடுப்பாள். அவளுக்கு மகனைப் பற்றி எல்லாம் தெரியும். ஆனால் கேட்பது ஒன்றே ஒன்று. சாப்பிட்டாயா?

முதல் போன் வந்தபோது இரத்தினவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த போனுக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார். அந்தத் தாயை அவருக்கு நன்றாகத் தெரியும் போலிருந்தது.

வெளி மண்டபத்தில் வைன் கிண்ணங்களோடு நின்றவர்கள் "முக்கியமான படைப்பு" என்று தலையாட்டினார்கள். முக்கியமானது என்று சொல்லிவிட்டால், பிடித்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். நல்ல ஏற்பாடு, இல்லையா? ஆங்கிலப் பத்திரிகை விமர்சகர் ஒருவர் பந்திக்குப் பந்தி "துணிச்சல்" என்று எழுதி, தான் சிரித்தாரா இல்லையா என்பதைக் கடைசிவரை மறைத்திருந்தார். இன்னொருவர், கறுப்பினத் தன்பால் காதலர் வாழ்வின் நுட்பமெல்லாம் தனக்கு நன்றாகவே புரிந்தது, புறநகரிலிருந்து வருபவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமமாக இருக்கும் என்று அனுதாபப்பட்டிருந்தார். புறநகர் என்றால் நாங்கள்தான். பாருங்கள், இந்த இனம் எல்லா நிறத்திலும் உண்டு.

துவாரகா வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"எப்பிடி மாமா?"

"எனக்கு நல்லாப் பிடிச்சது பிள்ளை. ஆனா எங்கட சனத்துக்கு..."

"சனத்தை விடுங்கோ மாமா. அம்மா வரோணும். ஞாயிறு லாஸ்ட் ஷோ. நீங்கள் ரேடியோவில நல்லாயிருக்கெண்டு சொன்னா அவ வருவா." குரலைத் தாழ்த்தினாள். "அவ இதைப் பாத்திட்டா, செரீனாவைப் பற்றி நான் சொல்லிடுவன். இல்லையெண்டா எனக்குத் தைரியம் வராது. ஐ ரியலி நீட் திஸ், மாமா."

செரீனா என்பவள் துவாரகாவோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண். குடும்பத்தில் அவளை "ரூம்மேட்" என்பார்கள். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது மட்டும் மறக்காமல் கூப்பிடுவார்கள். மாமன் தலையாட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை வந்தது. ஒலிவாங்கியின் முன்னால் இருந்ததும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடத்து நல்ல பெயர்!

"இசை அருமை, நடிப்பு அருமை. எனக்கு ஒண்டுமில்லை, நான் ரசிச்சனான். ஆனா எங்கட சனம் இன்னும் இதுக்குத் தயாரில்லை எண்டுதான் நினைக்கிறன். நேயர்கள் என்ன சொல்லுறியள்?"

நேயர்கள் சொன்னார்கள்.

டோர்செட் பார்க்கிலிருந்து யோசப்: "எனக்கு ஒண்டுமில்லை அண்ணை. நாங்கள் வேதக்காரர் இப்ப இதெல்லாம் விளங்கிக்கொள்ளுவம். சைவக்காரர்தான் பாவம், தாங்கமாட்டினம்."

ஒஷாவாவிலிருந்து தில்லையம்பலம்: "எங்களுக்கு ஒண்டுமில்லை. சாமியையே பாதி ஆண் பாதி பெண்ணா வச்சுக் கும்பிடுறனாங்கள். வேதக்காரரின்ர மனம்தான் நோகும்."

ஓர் இளம்பெண் பெரியவர்களுக்காகப் பயந்தாள். ஒரு பெரியவர் இளம்பிள்ளைகளுக்காகப் பயந்தார். ஆகமொத்தம் அன்று ரொறன்ரோத் தமிழருக்குள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. எல்லோரும் மற்றவருக்காகத்தான் வீட்டில் இருந்தார்கள். "பாத்தியளே, நான் சொன்னனான்" என்று இரத்தினவேல் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்.

கடைசி அழைப்பு வெக்ஸ்போர்ட்டிலிருந்து. பெயர் சொல்ல விரும்பவில்லை என்றது குரல். பெயர் எதற்கு? அது தங்கை குணவதியின் குரல்.

"எனக்கு ஒண்டுமில்லை. என்ர மகள் அந்த ஷோவில வேலை செய்யிறாள். அவளுக்கு என்னட்டை ஒரு விஷயம் சொல்லோணும். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். நான் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கிழமைக்குக் கிழமை புட்டு அவிச்சு அனுப்புறனான். அதிலயும் அவளுக்கு விளங்கேல்லை."

"பிறகேன் நீங்கள் போகேல்லை?"

"எனக்கொரு அண்ணர் இருக்கிறார். நாலு பேர் மதிக்கிற ஆள். நான் போய்ப் பாத்தனெண்டு கேள்விப்பட்டா அவர் தாங்கமாட்டார். அதுதான் யோசிக்கிறன்."

இவ்வளவு காலமும் யாருக்காகக் கவலைப்பட்டாரோ அந்தச் சனம் யாரென்று இரத்தினவேலுக்கு அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, தங்கை தன்னை நினைத்துப் பயந்திருக்கிறாள் என்பது நெஞ்சில் குத்தியது.

"தங்கச்சி," என்றார். "எங்கட சனம்..." என்று வாய் பழக்கத்தில் தொடங்கியது. நிறுத்தினார். "உங்கட அண்ணருக்கு ஒண்டுமில்லை. அவர் அதைப் பாத்திட்டு அழுதவர்."

"உண்மையாவோ?"

"ஓம். நல்லா அழுதவர்."



"அப்ப நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ அவரை."

"சொல்லுறன்."

கவனித்தீர்களா? அப்போதும் "நான் அழுதனான்" என்று மனிதர் சொல்லவில்லை. யாரோ ஓர் அண்ணருடைய கணக்கில் எழுதிவிட்டார். பிறவிக் குணம் ஒரே நாளில் போய்விடுமா? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வெக்ஸ்போர்ட்டுக்குப் போய், தங்கையின் வாசலில் கார் கோர்ன் அடித்தார். அதுவே பெரிய காரியம்.

நீங்கள் இந்த இனமில்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒன்றுமில்லை. வாசித்துக்கொண்டு வரும்போதே, அட, இதை இன்னாருக்கல்லவா அனுப்ப வேண்டும் என்று ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அவசரப்படுங்கள், அவர் இதை ஏற்கெனவே வாசித்துவிட்டு உங்களுடைய போன் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கவும் கூடும்.