பெர்மிட் வாங்கிய கெமுனிங்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பாலசுந்தரம் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மேலதிகாரி ஒப்பம் இல்லாமல் தும்மியதுகூட இல்லை என்று தானே பெருமையடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் ஒரு செடியின் கிளையை நறுக்க, நகர நிழல் பராமரிப்பு இலாகாவுக்கு எழுதி அனுமதி கேட்டாரென்றால் அதில் அதிசயம் என்ன?

எண்பதுகளில் கோலாலம்பூருக்குப் போன்சாய் பைத்தியம் பிடித்திருந்தது. மேசைமேல் குட்டை மரம் இல்லாத வீட்டில் பெண் எடுக்கவே யோசித்தார்கள். பாலசுந்தரம் அதற்கெல்லாம் முந்தியே, வேலியோரம் தானாக முளைத்த, வெள்ளைப் பூ மணக்கும் கெமுனிங் செடியைச் சட்டிக்கு மாற்றி, இருபது வருஷமாகச் சாண் உயரத்தில் நிறுத்தி வைத்திருந்தார். பிள்ளையில்லாத வீடு. காலையில் எழுந்ததும் அதைத்தான் நலம் விசாரிப்பார். இப்போது போன்சாய் கண்காட்சி வருகிறது. துருத்திக்கொண்டு நிற்கும் ஒரே ஒரு கிளையை எடுத்துவிட்டால் பரிசு நிச்சயம்.

"இஞ்சருங்கோ, கத்தரிக்கோலால ஒரு வெட்டு வெட்டாமல் ஏன் கந்தோருக்கு எழுதுறியள்?" என்றாள் மனைவி குணேஸ்வரி.

"மரம் வெட்ட பெர்மிட் வேணும் எண்டு சட்டம் இருக்கப்பா. இப்பத்தான் பேப்பரில பாத்தனான்."

"இது மரமோ?"

"சட்டத்தில உயரம் போடேல்லை."

இலாகா அதிகாரி ஜெயராஜ் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தார்.

"மரம் எங்க அங்கிள்?"

மேசையைக் காட்டினார் பாலசுந்தரம். அண்ணாந்து பார்க்க வந்தவர் குனிந்து அளந்தார்.

"வயசு?"

"இருபது."

"இருபது வருஷத்துக்கு இவ்வளவுதானா? அப்ப யாரோ பெர்மிட் இல்லாம இத்தனை வருஷமா வெட்டிக்கிட்டே இருந்திருக்காங்க லா!"

பாலசுந்தரத்துக்கு வியர்த்துக் கொட்டியது. சர்வீஸ் முழுக்க விழாத கரும்புள்ளி!

"நீங்களே எழுதிக் கேட்டதால கேஸ் போடல அங்கிள். ஆனா இனிமே ஒரு இலையத் தொடக்கூடாது. எங்க ஆளுங்கதான் வெட்டணும். கண்காட்சிக்குத் தூக்கிட்டுப் போறதுன்னா அதுக்கு வேற பெர்மிட். சேர்த்தே போட்டுடறேன்."

மறுநாள் 'பாதுகாக்கப்பட்ட மரம்' என்ற பலகை வந்தது. மரத்தைவிடப் பெரிய பலகை. ஊன்ற இடமில்லாமல் சோபாவில் சாய்த்தார்கள். மரத்தருகே வாகனம் நிறுத்தக்கூடாதாம். கூடத்திலிருந்த சைக்கிள் வெளியே போய் மழையில் நனைந்தது. மரத்தடியில் சாப்பாட்டு வியாபாரமும் கூடாதாம். குணேஸ்வரி தலையிலடித்துக்கொண்டு சோற்றுத் தட்டோடு குசினிக்குப் போனாள்.

கிளை தன்பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது.

"ஆர் பாக்கப்போறான்? வெட்டுங்கோவன்!" என்று கத்தரிக்கோலை நீட்டினாள்.

அவர் அதை வாங்கி, கண் கலங்க, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

கண்காட்சியன்று காலையில் லோரி வந்து நின்றது. ஏணி, கயிறு, மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் இறங்கின.

"அப்ரூவ் ஆயிருச்சு அங்கிள்!"

"தம்பி, ஒரு கிளை மட்டும்!"

"எங்ககிட்ட வெட்டு ஒரே மாதிரிதான் அங்கிள். ரோட்டு மரத்துக்கு எப்படியோ அப்படித்தான்."

மெஷின் வீறிட்டு ஓய்ந்தபோது சட்டியில் கட்டைவிரல் அளவு அடிக்கட்டை நின்றது. ஐயோ, இருபது வருஷம்! பாலசுந்தரம் வாய்விட்டு அழுதார். பெர்மிட் வந்தது வந்ததுதான் என்று கட்டையையும் பலகையையும் அவரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நடுவர் ராதாகிருஷ்ணன் ஜப்பானுக்கு ஒரு தடவை போய்வந்தவர். கட்டையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஒரு இலைகூட இல்ல! என்ன துணிச்சல்! என்ன துறவு!"

முதல் பரிசு, வெள்ளிக் கோப்பை. மறுநாள் இலாகா வாசலில் சாலாக் செலாத்தானிலிருந்து கிள்ளான் வரைக்கும் உள்ள சனம் சட்டியும் கையுமாக வரிசை கட்டி நின்றது. எங்களுக்கும் அதே மெஷின்தான் வேண்டுமென்று அடிதடி.

குணேஸ்வரி அந்தக் கோப்பையில் கறிவேப்பிலைக் கன்று நட்டாள். யாரையும் கேட்கவில்லை. அது தளதளவென்று தழைத்தது. ஒருநாள் குழம்பு கொதிக்கையில் இரண்டு இலை கிள்ளப் போனாள். பாலசுந்தரம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறும்! எழுதிக் கேட்டிருக்கிறன்."