பிராஸ்டாகிளாண்டினுக்கு நேர்ந்த அவமானம்

முதல் குறட்டை மூன்றாவது ஸ்லைடிலேயே கேட்டுவிட்டது.

பேராசிரியர் தட்சிணாமூர்த்தி பேச்சை நிறுத்தினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். முன்வரிசையில், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் சலவைச் சட்டை கசங்காமல், வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஹரி! என்னப்பா இது?"

"வயசானவரு சார். நீங்க பேசுங்க. நிறுத்திடாதீங்க."

ஹரிகிருஷ்ணன் அவருடைய பழைய மாணவன். இப்போது புதுச்சேரியில் பேர் சொல்லும் டாக்டர். காலமெல்லாம் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்த தன்னை, ரிட்டயரான பிறகு ஒரு கல்லூரிகூடப் பேசக் கூப்பிடவில்லையே என்று தட்சிணாமூர்த்தி பொருமிக்கொண்டிருந்த சமயத்தில், அவன்தான் ரெட்டியார்பாளையத்து வீட்டுக்கே தேடி வந்தான்.

"எங்க குரூப்புக்கு நீங்கதான் சார் பேசணும். உங்க பிராஸ்டாகிளாண்டின் லெக்சர என்னால இன்னும் மறக்க முடியல. எல்லாரும் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க."

பேராசிரியர் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டார். 'மூளையில் பிராஸ்டாகிளாண்டின்களின் பங்கு' என்று தலைப்பிட்டு, சாப்பாட்டைக்கூட மறந்து ஸ்லைடு ஸ்லைடாகத் தயாரித்தார். அதற்குத்தான் இந்த மரியாதை!

"காய்ச்சல் வந்தா உடம்பு ஏன் சுடுது?" என்று குரலை உயர்த்தினார். "மூளைக்குள்ள பிராஸ்டாகிளாண்டின் ஈ-டூ சுரந்து, உடம்புச் சூட்டோட அளவையே கூட்டி வச்சிடுது. பாராசிட்டமால் அந்தச் சுரப்பைக் குறைக்குது. சூடும் இறங்குது. புரியுதா?"

"வுய்... வுய்..." என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டார் பெரியவர், கண்ணைத் திறக்காமலே.

ஹால் இருட்டாக இருப்பதுதான் கோளாறு என்று தோன்றியது தட்சிணாமூர்த்திக்கு. லைட்டைப் போடச் சொல்லி, தானே போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். இரண்டு தெரு தள்ளிக் கடல். குளுகுளுவென்று காற்று உள்ளே வந்தது. இரண்டாவது வரிசை மொத்தமும் ஒருவர் தோளில் ஒருவராகச் சரிந்தது.

"எல்லாருக்கும் காபி சொல்லு ஹரி! ஸ்ட்ராங்கா!"

ஹரிகிருஷ்ணன் தயங்கித் தயங்கி வெளியே போனான். சுடச்சுடப் பாலோடு திரும்பி வந்தான்.

"காபித்தூள் தீந்துபோச்சாம் சார்."

பால் குடித்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். தலையையும் தொங்கப் போட்டார்கள்.

தட்சிணாமூர்த்திக்குக் காது மடல் சிவந்தது. அராக்கிடோனிக் அமிலத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே ஒரு ஜோக்கைச் சொன்னார். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் குறட்டை வந்தது, அதுவும் மூன்று சுருதியில்.

மேஜையை ஓங்கித் தட்டக் கையை உயர்த்தினார். ஹரிகிருஷ்ணன் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ, சத்தம் வேணாம் சார்! கிளாசுல பேசுவீங்களே, ஏத்தம் எறக்கம் இல்லாம, ஒரே சீரா... அப்படியே பேசுங்க சார். அது போதும்."

"எனக்கே பாடம் நடத்தச் சொல்லித் தர்றியா?"

"இல்ல சார், இல்ல சார். அடுத்த ஸ்லைடு போடுங்க."

அடுத்த ஸ்லைடு பிராஸ்டாகிளாண்டின் டி-டூ. அதைப் பார்த்ததும் பேராசிரியரின் ஆத்திரம் இரண்டு மடங்காகிவிட்டது.

"நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க, மூளையைச் சுத்தி இருக்கிற திரவத்துல இந்த டி-டூ சேந்துக்கிட்டே போகும். போய்த் தூங்குன்னு மூளைக்குச் சொல்றது இதுதான். இதை எலி மூளைக்குள்ள செலுத்திப் பாத்தாங்க. எலி தூங்கிடுச்சு. எலிக்குக்கூட மருந்து ஏத்தினாத்தான்யா தூக்கம் வந்துது! உங்களுக்கு அதுகூட வேணாமா?"

பதிலுக்கு ஹால் முழுவதும் ஒன்றாக மூச்சை இழுத்து விட்டது.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் முழித்திருப்பதைக் கவனித்தார். கண்டாங்கிச் சேலை, கழுத்தில் மஞ்சள் கயிறு. பக்கத்தில் அவள் கணவன் போலிருக்கிறது, கட்டுமஸ்தான ஆள், அவள் மடியிலேயே சாய்ந்து கிடந்தான். அவளோ பேராசிரியரையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி இவளுக்காகத்தான் பேச்சு என்று முடிவு செய்தார். நரம்பணு, நொதி, ஏற்பி, எதையும் விடவில்லை. பேசப் பேச அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விஞ்ஞானத்துக்கு உருகிய ஒரே ஜீவன் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

கடைசி ஸ்லைடு முடிந்தது. கைதட்டல் இல்லை. நன்றியுரை இல்லை. ஹரிகிருஷ்ணன் பூனை மாதிரி நடந்து ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"போதும்ப்பா! வீடு தேடி வந்து கூட்டிட்டு வந்து இப்படி அசிங்கப்படுத்துவேன்னு நான் நெனைக்கல. இனிமே என் மூஞ்சியில முழிக்காத!"

"ஸ்ஸ்... சார், மெதுவா..."

லேப்டாப்பை மூடாமலே அக்குளில் இடுக்கிக்கொண்டு, தட்சிணாமூர்த்தி தடதடவென்று படியிறங்கினார்.

"ஐயா! நில்லுங்கய்யா!"

அந்தப் பெண்மணிதான். செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். அவருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"நீங்க ஒருத்தர்தாம்மா முழிச்சிருந்து கேட்டீங்க. யாரும்மா நீங்க?"

"ஊரு கனகசெட்டிக்குளம்யா. பேரு சின்னப்பாப்பா. எங்க ஊட்டுக்காரரு மீன் புடிக்க போட்டுல போறவரு."

"ரொம்ப சந்தோஷம்மா. எந்தப் பகுதி உங்களுக்குப் புடிச்சுது?"

அவள் சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலய்யா. இந்தத் தூக்கம் வராதவங்க குரூப்புல எத்தினியோ பேரு வந்து பேசிட்டாங்க, எங்க ஊட்டுக்காரரு கண்ணு மூடல. 'எங்க சார் கிளாசுல முழிச்சிருந்தவன் ஒருத்தன் கெடையாது'ன்னு டாக்டரு அடிச்சு சொன்னப்பக்கூட நான் நம்பல. நல்லா இருப்பீங்க, அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்துடுங்கய்யா!"