நந்தி திரும்பிய இரவும் எங்கள் வீட்டுப் பெட்டியும்

ஓடைப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய சுருளிராஜன் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் முனீஸ்வரி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், பந்தலில் தொங்கும் திராட்சை எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க எங்கள் குலசாமி பார்த்துக்கொள்ளட்டும். "அப்பா சுகம்" என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அதைப் போன வாரம் எழுதியிருக்க முடியாது. அதற்குக் காரணம் நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய புத்தகம்.

"நாடே கொண்டாடுதே, அவ்வளவுக்குத் தகுதி உண்டா, படிச்சுட்டுச் சொல்லு" என்று போனில் கேட்டீர்கள். "உம்" என்றேன். "அது எங்க மேனேஜரோட புத்தகம், எழுதினவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது, பத்திரமாத் திருப்பி அனுப்பு" என்றீர்கள். அதற்கும் "உம்" என்றேன். போனில் எனக்கு அதற்கு மேல் வராது. வாட்ஸப்பில் எழுதினால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் கடிதம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்குக் கூச்சம் கிடையாது. உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. "நந்தி திரும்பிய இரவு" என்ற அந்தப் புத்தகத்துக்கு இந்தக் கொண்டாட்டம் அதிகம். திருப்பி அனுப்புகிற விஷயத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நீங்களே இன்னும் படிக்கவில்லை என்று சொன்னதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். மேற்கு மலை அடிவாரத்தில் ஏழு ஊர்களில் ஏழு குலசாமிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ரகசிய அடித்தட்டு. ஏழையும் சேர்த்துத் திறந்தால் ஆயிரம் வருடமாக மறைத்து வைத்த உண்மை வெளியே வந்து எல்லா மதமும் ஆட்டம் கண்டுவிடுமாம். அதைத் தேடிப் பேராசிரியர் விக்ராந்த் லண்டனிலிருந்து வருகிறார். கூடவே கல்வெட்டு படிக்கிற ஒரு அழகான பெண். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எல்லாம் இவர் பக்கம் பக்கமாக விளக்க, "அப்படியா!" என்று அந்தப் பெண் ஆச்சரியப்படுகிறாள். ஒவ்வொரு அத்தியாயமும் "அவன் உறைந்து போனான்" என்றுதான் முடிகிறது. நம் பள்ளத்தாக்கு வெயிலில் ஒரு மனுஷன் எத்தனை தடவை மாமா உறைவான்? அறுநூறு பக்கக் கதையில் ஒருத்தர்கூட ஒரு வாய் சோறு தின்னவில்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்காதது, அத்தனை சாமியும் கோயிலும் வருகிற கதையில் கும்பிடுகிற ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் தேடுகிறார்கள், ஓடுகிறார்கள், உடைக்கிறார்கள். சாமி ஏதோ பேங்க் லாக்கர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒன்று, கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை. அதையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

கீழே வைக்க முடியாததைக் கையில் எடுக்கவும் முடியாமல் போனதுதான் முதல் தொல்லை. பார்சலைப் பிரித்ததும் அட்டையில் நந்தி இருப்பதை அம்மா பார்த்துவிட்டாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு, நந்தியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி மாடத்தில் சாய்த்து வைத்துவிட்டாள். "அம்மா, அது கதைப் புத்தகம், மூணு பக்கத்துக்கு ஒரு கொலை விழுகுதாம்" என்றேன். "கொல பண்ணுறவன் பாவம் அவனோட. நீ குளிக்காமத் தொடாத ஆத்தா" என்றாள். அன்றிலிருந்து நான் தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு கொலை படித்தேன். பந்தலுக்குப் போய்விட்டு வந்தால் மறுபடியும் குளியல். சளி பிடித்துவிட்டது.

இரண்டாவது தொல்லைதான் பெரியது. நீங்கள் எங்கள் பங்காளி இல்லை, சிவராத்திரிக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வருகிறவர், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். எங்கள் குலசாமியின் பட்டு, சலங்கை, சின்ன அரிவாள், திருநீற்றுப் பை எல்லாம் இருக்கிற மரப்பெட்டி வருஷம் முழுக்க எங்கள் வீட்டு உள்ளறையில்தான் இருக்கும். சாவி அப்பாவிடம். மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் அதைத் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோய்த் திறப்பார்கள். நடுவில் திறக்க வேண்டுமென்றால் சாமியிடம் பூப்போட்டுக் கேட்க வேண்டும். இதுவரை யாரும் கேட்டதில்லை. உள்ளே இருப்பதைத்தான் வருஷா வருஷம் எல்லோரும் பார்க்கிறார்களே.

எங்கள் கருத்தக்கண்ணன் பெரியப்பா, அதாவது அப்பாவின் பெரியப்பா மகன், புத்தகத்தைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் அவர் மகன் சுரேஷ்கண்ணன் அண்ணன் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான். அதில் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "நண்பர்களே, அந்த ஏழாவது பெட்டி தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது" என்று சொன்னாராம். திராட்சைத் தோட்டம், மேற்கே பார்த்த கோயில் என்று புத்தகத்தில் வருவதால் அது நம் ஊர்தான் என்று முடிவாகிவிட்டது. பண்ணைப்புரத்துக்காரர்கள் அது தங்கள் ஊர் என்று சொன்னார்களாம். அதற்கு இங்கே உள்ளவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! திருட்டுப்பட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்க மனசில்லை.

திருட்டுப்பட்டம் என்று ஏன் சொன்னேன் என்றால், புத்தகத்தில் ஏழாவது பெட்டியின் அடித்தட்டில் இருந்தது காணாமல் போகிறது, பெட்டியைக் காக்கிறவன்தான் எடுத்தவன் போலவே வருகிறான். அதிகம் பேச மாட்டான், இடது காலை இழுத்து நடப்பான், மடியில் எப்போதும் சாவி. எங்கள் அப்பா பந்தல் ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து இடது காலைத்தான் இழுத்து நடக்கிறார். பேச்சு குறைவு என்பது எங்கள் குடும்பத்து வியாதி. சாவி மடியில் இல்லாமல் தலையிலா இருக்கும்? பெரியப்பா ஒருநாள் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏப்பா ராக்கையா, பெட்டியோட அடித்தட்டுல என்னப்பா இருக்கு?" என்று கேட்டார். "அடித்தட்டா? பலகைதாண்ணே இருக்கு" என்றார் அப்பா. "பலகைக்குக் கீழ?" "தரைண்ணே." "பாத்தியா, மழுப்புறான்" என்று பெரியப்பா வாசலில் நின்றவர்களிடம் சொன்னார்.

அதற்கப்புறம் மதுரையிலிருந்து ஒரு காரில் புருஷனும் பெண்டாட்டியும் புத்தகத்தோடு வந்தார்கள். "ஐயா, நீங்கதான பெட்டிக்காரரு? கொஞ்சம் மொறைச்சுப் பாருங்க, போட்டோ எடுத்துக்கிறோம்" என்றார்கள். அப்பாவுக்கு முறைக்க வராது. சிரித்துவிட்டு ஆளுக்கொரு கொத்துத் திராட்சை கொடுத்தார். அந்தப் போட்டோ ஊரெல்லாம் போனில் சுற்றியது. "எப்படிச் சிரிக்கிறான் பாரு, உள்ள என்னமோ வச்சிருக்கான்" என்று அதற்கும் ஒரு பேச்சு. அதோடு வெள்ளிக்கிழமைகளில் அப்பா கையால் திருநீறு வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் தாங்களே தட்டிலிருந்து எடுத்துப் பூசிக்கொண்டு போனார்கள். அப்பா சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் மாமா, எனக்கு அந்தப் பேராசிரியர் விக்ராந்த் மேல் உண்மையிலேயே கோபம் வந்தது.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பங்காளிகள் எல்லோரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "பெட்டியத் தொறந்து அடித்தட்ட ஒடச்சுப் பாத்துருவோம். மடியில கனம் இல்லாதவன் எதுக்குப் பயப்படணும்?" என்றார் பெரியப்பா. "சாமி பெட்டிய ஒடைக்கவா?" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா எழுந்து, மடியிலிருந்த சாவியை எடுத்துத் திருநீற்றுத் தட்டில் வைத்தார். "சாவி இந்தா இருக்குண்ணே. என் மேல நம்பிக்கை இல்லைன்னா பெட்டிய வேற வீட்டுக்குக் கொண்டு போயிருங்க. ஒடைக்க மட்டும் வேணாம்" என்றார். மாமா, அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பெட்டி போய்விட்டால் அந்த உள்ளறைக்குள் அப்பா அதற்கப்புறம் எதற்குப் போவார் என்று நினைத்தேன்.

பூப்போட்டுக் கேட்கலாம் என்று ஆனது. வெள்ளைப் பூ வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. இரண்டையும் வாழையிலையில் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டார்கள். கன்னிப்பெண் யாராவது ஒன்றை எடுக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். "அவ அப்பன் பக்கம்தான் எடுப்பா" என்று யாரோ சொல்ல, "பொட்டலத்துக்குள்ள இருக்கறது அவ கண்ணுக்குத் தெரியுமாடா? இதுல என்னடா பக்கம்?" என்று இருளம்மாள் அத்தை அதட்டினார். அத்தை அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மூத்தவர், ஆதலால் எல்லோரையும் அதட்டுவார். நான் நடுவில் போய் நின்றேன். குனிந்தேன். கை பொட்டலத்துக்குப் போவதற்குள் வாய் திறந்துகொண்டது.

"அந்தப் பொஸ்தகத்துல பெட்டிக்காரரு கெட்டவரு இல்ல" என்றேன்.

சத்தம் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் ஒன்று புரிந்தது மாமா, அத்தனை பேரில் அந்தப் புத்தகத்தைத் திறந்தவள் நான் ஒருத்திதான்.

"பின்ன யாரு ஆத்தா கெட்டவன்?" என்றார் அத்தை.

"யாரு மொதமொதல்ல பெட்டிய ஒடைக்கணும்னு சொன்னாகளோ, அவுகதான். பெட்டிக்காரரோட பெரியப்பா மகன். அடித்தட்டுல இருந்தத எப்பவோ எடுத்துட்டு, பழிய இவர் மேல போட்டாக."

எல்லாத் தலையும் பெரியப்பா பக்கம் திரும்பியது. "என்னைய எதுக்குப் பாக்குறீக?" என்றார் அவர். "அவனுக்கு அடையாளம் எதுவும் சொல்லியிருக்கா?" என்று கூட்டத்தில் ஒரு குரல். "பேசுறதுக்கு முன்னாடி தொண்டையச் செருமுவாக" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா செரும ஆரம்பித்தவர், பாதியில் விழுங்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏலே கருத்தக்கண்ணா, ஒரு மாசமா அடித்தட்டு அடித்தட்டுன்னு துடிக்கியே, அடித்தட்டு இருக்கறது உனக்கு எப்படிலே தெரியும்?" என்றார் அத்தை.

"வீடியோவுல சொன்னான்க்கா! இந்தப் பய காட்டுனான்!"

"நான் எதுவும் காட்டலப்பா" என்றான் சுரேஷ்கண்ணன் அண்ணன், போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு.

பாவம், பெரியப்பா முகம் வேர்த்துவிட்டது. இனி மதுரைக் கார்கள் அவர் வீட்டு வாசலில் நிற்கும் என்று நினைத்திருப்பார். "இந்தப் பொஸ்தகம் இங்கன இருந்தாத்தான ஆளாளுக்கு எடுத்துப் படிப்பீக! கிழிச்சு எறிங்க" என்றார். "குங்குமம் வச்சதக் கிழிக்கிறதா?" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எரிக்கவும் கூடாது, ஆற்றில் விடவும் கூடாது, பழைய பேப்பர்காரருக்குப் போடவும் கூடாது என்று சொல்லிவிட்டாள். கடைசியில் பெரியப்பாவே வழி சொன்னார். "அப்பப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிருங்க. யாரும் படிக்க வேணாம்." "லட்சம் காப்பி வித்திருக்காம்ல, ஒண்ணைப் பூட்டி என்ன செய்ய?" என்று அண்ணன் கேட்டதற்கு, "நம்ம ஊருக்கு இது ஒண்ணுதானலே வந்திருக்கு!" என்றார்.

புத்தகத்தை உள்ளே வைக்கலாமா என்று மறுபடி பூப்போட்டார்கள். நான் எடுத்தேன். வெள்ளை. அப்பா தட்டிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், எல்லோரும் பின்னாலேயே நுழைந்தார்கள். புத்தகம் தடியாக இருந்ததால் பட்டையும் சலங்கையையும் அரிவாளையும் வெளியே எடுத்துவிட்டு அடியில்தான் வைக்க வேண்டியிருந்தது. வெறும் பெட்டி எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. பெரியப்பா குனிந்து பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பெட்டியைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தார். தரைதான் இருந்தது. "பலகைதாண்டா" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா பெட்டியைப் பூட்டிவிட்டுத் திருநீற்றுத் தட்டோடு நின்றார். முதல் ஆளாகக் கை நீட்டியது பெரியப்பாதான். அன்று ராத்திரி அப்பா இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

ஆகவே மாமா, மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள், அவர் புத்தகம் மிகவும் பத்திரமான இடத்தில் இருக்கிறது. மாசி சிவராத்திரிக்குப் பெட்டி திறக்கும்போது அவரே நேரில் வந்து, குளித்துவிட்டு, எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்தின் மேல் கொஞ்சம் திருநீறு விழுந்திருக்கும், அதற்கு அவர் சந்தோஷப்பட வேண்டும். புத்தகத்தைப் பற்றி யாராவது கேட்டால், படித்துப் பார்த்த ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னாள் என்று தைரியமாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அத்தைக்கு என் அன்பு. உங்கள் இடுப்புவலி தீரவும், வேலை உயரவும், இந்தத் தடவை சிவராத்திரிக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே நீங்கள் வந்து சேரவும் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்
முனீஸ்வரி

பின்குறிப்பு: சளியாலும் குளியலாலும் நான் முக்கால்வாசிதான் படித்திருந்தேன். பெட்டிக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்குகிற இடம்வரை. மீதி பெட்டிக்குள் இருக்கிறது. வாசலில் நான் சொன்னது, எழுதியவரிடம் நியாயம் இருந்தால் எப்படி முடித்திருப்பாரோ அது. செருமல் மட்டும் என் சொந்தச் சரக்கு. கடைசியில் ஒருவேளை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கலாம். யார்தான் எடுத்தது என்று தெரியாமல் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை மாமா, அம்மாவுக்குத் தெரியாமல் இன்னொரு காப்பி அனுப்புங்கள். நந்தி அட்டையைக் கழற்றிவிடுங்கள். பெட்டிக்காரர்தான் திருடன் என்று இருந்தால் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு அனுப்புங்கள். கிழித்ததைத் தனிக் கவரில் போட்டு என் பெயருக்கு அனுப்புங்கள்.