சட்டைப் பையில் ஒரு மவுஸ்

வரலாற்றை எழுதியே தீருவது என்று புருஷோத்தமன் தீர்மானம் போட்டார். அதைத் தோற்கடித்தது அவருடைய ஆள்காட்டி விரல்.

எழுபத்திநாலில் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது என்று சங்கம் மலர் போடுகிறது. தமிழில் ஒரே ஒரு கட்டுரைக்குத்தான் இடம். இருபது நாளும் சிறையில் இருந்த புருஷோத்தமனை விட்டால் எழுத யார் இருக்கிறார்கள்? இப்படிக் கேட்டவரும் புருஷோத்தமன்தான். கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பச் சொன்னார் செயலாளர் ஆண்டனி. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஒழிக என்று செகந்திராபாத் முழுக்கச் சுவரில் எழுதியவர் புருஷோத்தமன். அந்தச் சுவர்களை எல்லாம் இடித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர்தான் மிச்சம்.

கச்சிபௌலியில் வேலை பார்க்கும் மகள் சௌம்யா, தன் பழைய லேப்டாப்பை மாரெட்பள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தமிழில் அடிப்பது எப்படி என்று அப்பாவுக்கு இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்தில் அம்மா நாகம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அம்பை நகர்த்த, கீழே இருக்கும் சதுரத்தில் விரலைத் தேய்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப் லேத்தில் நுனி போன விரலை அந்தச் சதுரம் மதிக்கவில்லை. மற்ற விரல்களும் முப்பது வருஷ இரும்பில் மரத்துப்போனவை.

"இது கெட்டுப்போன சதுரம்" என்று அறிவித்தார்.

"கெட்டுத்தாங்க போச்சு" என்றாள் நாகம்மா. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் இத்தனை சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. "சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்கும் குடுங்க. நானும் ஒண்ணு எழுதணும்."

"நீ என்னத்தை எழுதப்போறே? புளிக்குழம்பா?"

அவள் பதில் சொல்லவில்லை. நிர்வாகம் வாயைத் திறக்காமல் இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்பதைப் புருஷோத்தமன் அனுபவத்தில் கண்டவர்.

மவுஸ் வாங்க இருவரும் போனார்கள். கடைக்காரர் பத்துப் பதினைந்தைக் கண்ணாடி மேல் பரப்பினார். ஒயர் வைத்த பெரிய மவுஸ் ஒன்று புருஷோத்தமன் உள்ளங்கையில் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது.

"அதையே வாங்குங்க" என்றாள் நாகம்மா. "ஒயர் இருக்கறதால லேப்டாப்போடவே கிடக்கும். நீங்க வெளியே போனாலும் எனக்கு உதவும்."

புருஷோத்தமன் அதைக் கீழே வைத்தார். ஒயர் இல்லாதது, சட்டைப் பைக்குள் அடங்குவது வேண்டும் என்றார். உங்கள் கைக்கு அது நக்கோ சாப், வேண்டவே வேண்டாம், காலேஜ் பெண்கள் வாங்குவது என்று கடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார்.

"அப்போ எனக்கு?" நாகம்மா முகத்தைத் தொங்கவிட்டாள்.

"உற்பத்திக் கருவி எவன் கையில இருக்கோ அவன்தான் முதலாளி" என்றார் புருஷோத்தமன். சொன்ன பிறகு, தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒரு சந்தேகம் வந்தது. பில் போட்டதும் போய்விட்டது.

அன்று முதல் மவுஸ் அவரோடு பூங்காவுக்குப் போனது, சங்க ஆபீசுக்குப் போனது. டீக்கடையில் அதை எடுத்து மேஜை மேல் வைத்து, எழுதப்போகும் வரலாற்றைச் சொல்வார். கேட்க ஆள் இருந்ததோ இல்லையோ, தினமும் சொன்னார். வாயால் சொல்லித் தீர்த்ததை வீட்டுக்கு வந்து மறுபடி எழுத யாருக்குத் தெம்பு இருக்கிறது? முதல் வாரம் தலைப்பை மூன்று தடவை மாற்றியதோடு சரி.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று ஆண்டனிக்குப் போன் போட்டார்.

"எதுக்குத் தோழர்? கட்டுரைதான் வந்துடுச்சே. பதினோரு பக்கம். அச்சுக்கும் போயிடுச்சு. படிச்சுட்டு எங்க வீட்ல அழுதுட்டாங்க."

"நான் அனுப்பலையே."

"நீங்க இல்ல தோழர். அக்கா."

நாகம்மா மறைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். கெட்டுப்போன சதுரத்தில் ஒரு விரலை வைத்து, பக்கம் பக்கமாக நகர்த்திக் காட்டினாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வந்த போலீஸுக்கு எதிரே பெண்கள் பிள்ளைகளோடு வாசலில் உட்கார்ந்தது. இருந்த அரிசியை நாற்பது வீட்டுக்குப் பங்கிட்டது. பயந்துபோய் வேலைக்குத் திரும்பப் பார்த்த ஆண்களை வழிமறித்தது. புருஷோத்தமன் தன்னைத் தேடினார். ஏழாம் பக்கத்தில் கிடைத்தார். 'அவர் அப்போது வீட்டில் இல்லை.'

ஒரு வரியும் பொய் இல்லை. அதுதான் கசந்தது.

"என் சரித்திரம்னு ஒண்ணு இருக்கு. இப்பவே எழுதறேன். நகரு."

பையிலிருந்து மவுஸை எடுத்து வைத்துத் தள்ளினார். அம்பு அசையவில்லை. குலுக்கினார், தட்டினார், திருப்பினார்.

"இதையும் கெடுத்துட்டியா?"

"அது நல்லாத்தான் இருக்கு." நாகம்மா சுவரைக் காட்டினாள். ஒரு மாதமாக நின்றிருந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. "சட்டையைத் துவைக்கப்போட்டப்ப பேட்டரியை எடுத்து அதுல போட்டேன். பதினஞ்சு நாளாச்சு. எப்பத்தான் கேப்பீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."