லோடிங் அண்ணையின் எச்சில் சட்டம்

இந்த லண்டன் மாநகரத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஆக அதிக நேரம் எடுத்த தமிழர் யார் என்று போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் லோடிங் அண்ணைக்குத்தான். பரிசை வாங்க மேடைக்கு வருகிறீர்களா என்று கேட்டால் அதற்கும் பதில் வரத் தாமதமாகும். அதற்குள் மண்டபத்தைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

எண்பதுகளின் கடைசியில் கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டில் நாங்கள் சில பேர் அறை எடுத்து இருந்தோம். நான் பகலில் கணக்கியல் படித்தேன், மாலையில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். அண்ணைக்குப் பெற்றோல் நிரப்பும் செட்டில் வேலை. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "அண்ணை, சீனி எங்க?" என்று கேட்பேன். அவர் சுவரைப் பார்ப்பார். கண் இமையை இரண்டு தரம் வெட்டுவார். நான் சீனி இல்லாமலே குடித்து முடித்து, மேலே போய்ப் புத்தகத்தை விரித்த பிறகு கதவில் தட்டுக் கேட்கும்.

"சீனி முடிஞ்சுது, தம்பி."

பெயர் வந்த கதை இது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கேம்கள், நாங்கள் பாட்டுக் கேட்கிற அதே மாதிரிக் கசெட்டில்தான் வரும். கசெட்டைப் பிளேயரில் போட்டு, அதன் வயரைக் கம்ப்யூட்டரில் செருகி, கம்ப்யூட்டரை டி.வி.யில் செருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பூனையின் வாலை மிதித்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு சத்தம் நெடுநேரம் கேட்கும். அதுதான் லோடிங். அது முடிந்தால் கேம் வரும், பாதி நாள் அதுவும் வராது. அண்ணை இந்தச் சத்தத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பக்தியோடு உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஏதாவது கேட்டாலும் அதே முகம்தான். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரனுக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கார் பூட் சேலுக்குப் போவோம். வெள்ளைக்காரர்கள் வீட்டுப் பழைய சாமான்களைக் காரின் பின்பக்கத்தில் பரப்பி வைத்து விற்பார்கள். நாங்கள் சட்டி, பானை, குளிர்கோட்டு என்று மனிதர் வாங்குகிற சாமான் வாங்குவோம். அண்ணை பை நிறையக் கேம் கசெட் வாங்குவார். முதலில் கட்டிலுக்குக் கீழே அடுக்கினார். பிறகு கட்டிலின் மேல் அடுக்கினார். கடைசியில் கட்டில் இடத்தை அடைக்கிறது என்று சொல்லி அதைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, நிலத்தில் மெத்தை விரித்துப் படுத்தார். அலுமாரியைத் திறந்தால் தலையில் கசெட் மழை பொழியும். உடுப்பெல்லாம் கதவுக்குப் பின்னால் ஒற்றை ஆணியில் தொங்கின.

வீட்டுக்காரர் மலேசியத் தமிழர். படிக்க வந்து, என்ஜினியராகி, வீடு வாங்கி, கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம். முதல் நாள் லோடிங் சத்தம் கேட்டு ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர் அவர். "தம்பி, பைப்பு ஒடைஞ்சிருச்சா லா?"

இப்பேர்ப்பட்ட மனிதருக்கும் கலியாணம் பேசினார்கள். அண்ணை சென்னைக்குப் போய்த் தாலி கட்டிவிட்டு, லீவு முடிந்து தனியே திரும்பி வந்தார். மணப்பெண், எங்களுக்கு இனி அக்கா, விசாவுக்காக அங்கேயே காத்திருந்தார். கிழமைக்கு ஒருதரம் அண்ணை தெருமுனை டெலிபோன் பெட்டிக்குப் போவார். மழை நாளில் குடை பிடிக்க நானும் போயிருக்கிறேன். அக்கா அங்கே ஏதாவது கேட்பார். இவர் லோட் ஆகத் தொடங்குவார். டெலிபோன் அட்டை முடிந்துவிடும். அடுத்த கிழமை எடுத்ததும், "போன கிழமை கேட்டதுக்கு... ஓம், இஞ்ச குளிர்தான்" என்று தொடங்குவார். அந்தப் பெண்ணின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஒருவழியாக விசா வந்தது. அக்காவின் தமையன் ஈஸ்ட் ஹாமில் சேலைக்கடை வைத்திருந்தார். தங்கை இருக்கப் போகிற இடத்தைப் பார்க்க ஒருநாள் வந்தார். அறை வாசலில் நின்றார். உள்ளே போக முடியவில்லை. கடையில் சேலை அளக்கிற பழக்கத்தில், இருந்த வெற்றிடத்தைக் கையால் முழம் போட்டுப் பார்த்தார். முழு முழம்கூட வரவில்லை.

"மச்சான், கட்டில் எங்க வைக்கப் போறீர்?"

அண்ணை சுவரைப் பார்த்தார். சுவரும் கசெட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"என்ர தங்கச்சி என்ன, கசெட்டுக்கு மேலயோ படுக்கிறது? வாற சனிக்கிழமை ஹீத்ரோவில வந்து இறங்கிறா. அண்டைக்கு இந்த அறை வெறுமையா இருக்கவேணும். இல்லையெண்டா நான் நேர ஈஸ்ட் ஹாமுக்குக் கூட்டிக்கொண்டு போறன். நீர் ஞாயிற்றுக்கிழமையில வந்து பாத்திட்டுப் போம்!"

சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டார். நான் குசினியைக் கூட்டி, குப்பையை வெளியே வைத்துவிட்டு வந்தேன். அண்ணை அதே இடத்தில், ஆளில்லாத வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏலாது," என்றார். "அவ என்னோடதான் இருப்பா."

"அண்ணை, அவர் இப்ப ரெயினில ஸ்டொக்வெல்லும் தாண்டியிருப்பார்."

பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் அவருடைய குரல் நடுங்கியதை அன்றுதான் முதல்தரம் கேட்டேன்.

அடுத்த நாள் காலை இரண்டு பேருமாகப் பை பையாகத் தூக்கிக்கொண்டு சாரிட்டி கடைக்குப் போனோம். பழைய சாமான்களை இலவசமாக வாங்கி, விற்று, நல்ல காரியத்துக்குக் கொடுக்கிற கடை. மேசைக்குப் பின்னால் நின்ற அம்மா, "ஓ, லவ்லி!" என்று பையைப் பிடித்தார். அண்ணை விடவில்லை. அவர் இழுக்க, இவர் இழுக்க, பையின் காது அறுந்தது. அண்ணை கசெட்டெல்லாவற்றையும் பொறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்.

"என்ன அண்ணை, விசரோ உங்களுக்கு?"

லோடிங். ஒரு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"உதில ஒண்டும் நான் முடிக்கேல்லை, தம்பி. ஒண்டை விளையாடிக்கொண்டிருக்க அடுத்த ஞாயிறு வந்திடும், வேற வாங்கிடுவன். எல்லாம் பாதியில நிக்குது. பாதி திண்ட சோத்துக் கோப்பையை நீர் ஆருக்கும் நீட்டுவீரோ? எச்சில் எல்லே?"

"கசெட்டில என்ன அண்ணை எச்சில்? போடுற நேரமெல்லாம் முதல்ல இருந்துதானே தொடங்குது! நீங்கள் பாதி விளையாடினது அதுக்குத் தெரியவே தெரியாது."

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்று அடுத்த பஸ்ஸும் போன பிறகுதான் சொன்னார்.

இதற்கு மேல் என்ன கதைக்கிறது? சரி, விசருக்கு விசராலேயே வைத்தியம் என்று, "அப்ப நாங்கள் எல்லாரும் சேந்து முடிச்சுத் தந்தால்?" என்று கேட்டேன். வீடு வரும்வரை பதில் இல்லை. கதவில் திறப்பைப் போட்டுத் திருப்பும்போதுதான் வந்தது.

"ஒரு வீட்டாக்கள் ஒரு கோப்பையில கை வைக்கலாம். வெளியாளுக்குத்தான் எச்சில் குடுக்கக்கூடாது."

தொடங்கியது கூத்து. அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் கேம் முடிப்பதைத் தவிர வேறு தொழில் நடக்கவில்லை. ஒரு கேமில் பால்காரன் ஒருவன் நாய்களிடம் கடி வாங்காமல் தெரு முழுக்கப் பால் போட வேண்டும். இன்னொன்றில் கிணற்றுக்குள் இறங்கித் தவளைகளை விரட்ட வேண்டும். ஷிப்ட்டுக்குப் போகிறவன் ஷிப்ட் முடிந்து வருகிறவனிடம், "பிடி மச்சான், ரெண்டு உயிர்தான் மிச்சம்" என்று ஒப்படைத்துவிட்டு ஓடுவான். சமையல் நின்றது. பாணும் ஜாமும்தான் மூன்று நேரமும். இதெல்லாம் வேலையில்லாதவன் வேலை என்று அதுவரை வாய் கிழியப் பேசிய நான், ஒரு தவளைக்காக வரிச்சட்ட வகுப்பைக் கோட்டைவிட்டேன்.

சத்தம் தாங்காமல் சண்டை பிடிக்க மேலே வந்தார் அங்கிள். வாசலில் நின்று சற்று நேரம் பார்த்தார்.

"லெஃப்ட்ல போ லா! லெஃப்ட்ல! ஐயோ... தள்ளு, நீ சொதப்புறே. பாலம் கட்டுறவன் நானு, எனக்குத் தெரியாதா?"

உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அடுத்த நாள் வயிற்றுவலி என்று வேலைக்கு லீவு சொன்னார். மகாராசன், வேறு யாருக்கும் சரிவராத கேம்களையெல்லாம் அவர்தான் முடித்தார்.

ஒரு கேம் முடிந்ததும் அண்ணை அந்தக் கசெட்டைத் துவாயால் துடைத்து, "சரி, கை கழுவியாச்சு" என்று சொல்லிப் பைக்குள் வைப்பார். முகத்தில் விருந்து சாப்பிட்ட திருப்தி இருக்கும். சாரிட்டி கடை அம்மா, நாங்கள் தெருமுனையில் வருவதைக் கண்டதும் கதவில் 'மூடப்பட்டது' என்ற அட்டையைத் திருப்பிவிடத் தொடங்கினார். அதனால் மிச்சத்தை வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பூசை முடிந்து அவித்த கடலைக்குக் கை நீட்டிய பிள்ளைகளுக்கெல்லாம் அண்ணை ஆளுக்கு ஒரு கசெட்டும் கொடுத்தார். ஐயர் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை விடிந்தபோது ஒன்றே ஒன்று மிச்சம். நாங்கள் அதை 'வெளிச்சவீடு' என்போம். கடற்கரை வெளிச்சவீட்டுக்காரன் ஒருவன் படியேறிப் போய் உச்சியில் விளக்கேற்ற வேண்டும். ஏறும்போது கடற்பறவைகள் வந்து இடித்து விழுத்தும். கடைசிப் படிவரைக்கும் எல்லாரும் போனோம். கடைசிப் படியில் எல்லாரும் விழுந்தோம்.

வெளியே தமையனின் வான் ஹோர்ன் அடித்தது, ஹீத்ரோவுக்குப் போக. அண்ணை கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "அங்கிள், உங்களை நம்பித்தான் போறன்."

"போ லா, நா பாத்துக்கறேன்."

நாங்கள் அறையைக் கூட்டித் துடைத்தோம். அங்கிள் வீட்டில் சும்மா கிடந்த கட்டிலைக் கழற்றி மேலே ஏற்றிப் பூட்டினோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு யன்னல் திறந்தது. நடுவில் டி.வி.யும் கம்ப்யூட்டரும், அதற்கு முன்னால் நிலத்தில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு அங்கிள். விழுந்தார், ஏறினார், விழுந்தார், ஏறினார்.

கீழே கதவு திறந்த சத்தம் கேட்ட நேரம், வெளிச்சவீட்டுக்காரன் கடைசிப் படிக்கு வந்துவிட்டான். இருந்தது ஒற்றை உயிர். படியில் காலடிச் சத்தம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புதுச் சேலைக்கு மேல் யாருடையதோ பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு அக்கா வாசலில் வந்து நின்றார். பின்னால் பெட்டியோடு அண்ணை, அவருக்குப் பின்னால் தமையன். லண்டனில் முதன்முதலில் கால் வைத்த வீட்டில் அக்கா கண்டது எங்கள் முதுகுகளைத்தான்.

"இப்ப ஏறிடுவேன் லா, இப்ப ஏறிடுவேன்!" என்று அங்கிள் பொத்தானை அழுத்த விரலைத் தூக்கினார்.

"ஏன் இப்பிடி அந்தரப்படுறியள்?" என்றார் அக்கா. "அந்தக் காகம் போகட்டுமன். இவரிட்ட வாறதுக்கு நான் எவ்வளவு காலம் விசாவுக்குக் காத்துக்கொண்டு இருந்தனான். உங்களுக்கு ஒரு காகம் போகுமட்டும் நிக்க ஏலாதோ?"

அங்கிளின் விரல் அப்படியே நின்றது. பறவை வந்தது. படிக்குப் பக்கத்தால் பறந்து போயே போய்விட்டது. அங்கிள் ஒரு எட்டு வைத்தார். விளக்கு எரிந்தது. டி.வி. கீச்சுக்குரலில் ஒரு மெட்டு வாசித்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் சுவரில் இடித்தார். தமையன் கட்டிலைச் சுற்றி முழம் போட்டுப் பார்த்துவிட்டு, "ம்ம், பரவாயில்லை" என்றார். பிறகு மெதுவாக நிலத்தில் குந்தி, "உந்தக் கேமை இன்னொருக்காப் போடுங்கோ பாப்பம்" என்றார். அண்ணைக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். லோடிங். அக்கா அவசரப்படவில்லை, சிரித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாளே அக்கா ஒரு சின்னச் சப்பாத்துப் பெட்டியை அண்ணையின் கையில் கொடுத்தார். "இதுக்குள்ள கொள்ளுறதை வைச்சிருங்கோ. புதுசு ஒண்டு வந்தால் பழசு ஒண்டு போகவேணும்." அன்றிலிருந்து அண்ணை ஒன்றை முழுதாக முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இன்னொன்று வாங்கினார்.

தொண்ணூறுகளில் நான் ஒருவழியாகச் சோதனை பாஸ் பண்ணி, வேலை எடுத்து, கலியாணம் கட்டி, ஆர்ச்வே பக்கம் குடிபோனேன். சாமான் ஏற்றிய வான் வாசலில் நின்றது. அண்ணை படியிறங்கி வந்து என் கையில் ஒரு கேமை வைத்தார். அப்போது கசெட்டின் காலம் போய்விட்டது, பிளாஸ்டிக் கட்டி மாதிரி ஒன்றில் வரும். விட்ட இடத்தை அதுவே ஞாபகம் வைத்திருக்கும்.

"முடிச்சிட்டீங்களோ, அண்ணை?"

சுவரைப் பார்த்தார். கண்ணை வெட்டினார். வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

"இல்லை. பாதியிலதான் நிக்குது. மிச்சத்தை நீர் விளையாடும்."

விடுவேனா? "வெளியாளுக்கு எச்சில் குடுக்கக்கூடாது எண்டு சொன்னனீங்கள்?"

என் ஆயுளில் அவர் யோசிக்காமல் சட்டென்று சொன்ன ஒரே பதில் அதுதான்.

"நீர் எப்ப ஐசே வெளியாள் ஆனீர்?"

அந்த ஒன்றுக்காகவே பிறகு நானும் ஒரு கேம் பெட்டி வாங்கினேன். போட்டால் அண்ணையின் ஆள் ஆற்றின் நடுவில், கட்டுமரத்தில், அவர் விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறான். சில ஞாயிறுகளில் துடுப்புப் போடுவேன். அக்கரை தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுவேன். முடித்துவிட்டால் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், அது அண்ணையின் சட்டம். எனக்குக் கொடுக்க மனமில்லை.