பின்சக்கரத்துக்கு ஒரு தற்காலிகத் தையல்

வியாழக்கிழமை, பிற்பகல்

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, எங்களோடு இருக்கும் உங்கள் மனைவி மூவரும் சுகம். அங்கே பாலம் கட்டும் இடத்தில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உயரத்தில் ஏறும்போது மறக்காமல் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சுகமாக இருக்க வேண்டும். உங்கள் மோட்டார் சைக்கிளின் சுகத்தைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். இது நான் முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாத விஷயம்.

முதலில் நல்ல செய்தி: வண்டி முழுசாக இருக்கிறது. இடையில் கொஞ்ச நேரம் அப்படி இல்லை.

போன வாரம் என் மகளிடம், "நான் வந்ததும் வண்டியை வித்துடலாம், அங்க யாரு ஓட்டுறா, சும்மா நின்னு துருப்பிடிக்குது" என்று சொன்னீர்களாம். யார் ஓட்டுகிறார்கள் என்பதைத்தான் இத்தனை நாளாக உங்களிடம் மறைத்துவிட்டோம். உங்கள் மனைவிதான் ஓட்டுகிறாள். நீங்கள் கிளம்பியதிலிருந்து விடிந்தும் விடியாமலும் பின்தெரு மைதானத்தில் பழகிவருகிறாள். ஸ்டேஷனுக்கே வண்டியோடு வந்து உங்களைத் திகைக்கவைக்க வேண்டும் என்பது அவள் திட்டம். அதைவிட முக்கியம், வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலை ஒன்று அவளுக்குக் கிடைக்கப்போகிறது. லைசென்ஸ் இருந்தால்தான் வேலை. டெஸ்ட் நாளைக் காலையில். பழைய ஆஸ்பத்திரியில் ஆட்களைக் குறைத்ததிலிருந்து முகம் தொங்கிக் கிடந்த பெண், இப்போது மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிறாள். ஆகவே வண்டியை விற்காதீர்கள். கடிதத்தின் சாரம் அவ்வளவுதான். மீதியெல்லாம் பின்சக்கரம்.

டெஸ்டுக்காக நேற்றுச் சாயங்காலமும் ஒருமுறை பழகிவிட்டு அவள் வரும்போதே பின் டயரில் ஆணி. "காலையில மெக்கானிக்கிட்ட தள்ளிட்டுப் போயிடறேம்ப்பா, பத்து மணிக்கு மேல அவர் ஊருக்குக் கிளம்பிடுவாராம்" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுபோனால் பஞ்சர் கடைக்காரர் நின்ற இடத்திலேயே முடித்துத் தருவாரே என்று என் மூளைக்குத் தோன்றித் தொலைத்தது. காலையில் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே என் தையல் கடை வாசலில் வேலையைத் தொடங்கினேன். கழற்றுவது பிரமாதமாக நடந்தது. நட்டைத் திருகினேன், நீளமான அச்சை உருவினேன், சக்கரம் பொத்தென்று மடியில் விழுந்தது. கூடவே 'டிங், டிங்' என்று இரண்டு இரும்பு வளையங்கள் எங்கிருந்தோ குதித்து, ஒன்று வெட்டுத்துணி மூட்டைக்குள்ளும் இன்னொன்று தையல் மெஷினுக்கு அடியிலும் போய் ஒளிந்துகொண்டன. அவற்றுக்கு ஸ்பேசர் என்று பெயராம். சக்கரம் இப்படியும் அப்படியும் நகராமல் நடுவில் நிற்பதற்காக அச்சில் பக்கத்துக்கு ஒன்றாக உட்காருகிறவையாம். இதைச் சொன்னவர் பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர். கழற்றி முடித்த பிறகு சொன்னார்.

பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்தாயிற்று. மாட்டுகிறேன். சக்கரத்தைத் தூக்கி வண்டியின் இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவில் பிடித்து, செயினை மாட்டி, இடது ஸ்பேசரை வைத்தால் வலது விழுகிறது, வலதைக் குனிந்து எடுத்தால் இடது விழுகிறது, இரண்டையும் இரண்டு கையால் பிடித்தால் அச்சைத் தள்ளக் கையில்லை, முழங்காலால் சக்கரத்தைத் தாங்கி நெற்றியால் அச்சைத் தள்ளிக்கொண்டிருந்த நேரம் பார்த்து டாக்டரம்மா தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டை வாங்க வந்து, என்னைப் பார்த்து, "சாயங்காலம் வரேன்" என்று அப்படியே திரும்பிப் போனார். "கிரீஸ் தடவி ஒட்டுங்கண்ணே, விழாது" என்றார் பூட்டுக்காரர். தையல்காரனிடம் கிரீஸ் ஏது? தையல் மெஷின் எண்ணெய் இருந்தது. எல்லாம் ஒரே ஜாதி வழவழப்புதானே என்று தாராளமாக ஊற்றினேன். அதுவரை விழுந்துகொண்டிருந்த ஸ்பேசர்கள் அதன் பிறகு பறக்கத் தொடங்கின. ஒன்று நேரே மேசைமேல் ஏறி, டாக்டரம்மாவின் கோட்டு முதுகில் ஒரு வட்டம் போட்டுவிட்டு இறங்கியது. "கிரீஸ்னு சொன்னா எண்ணெயா ஊத்துவாங்க?" என்று பூட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவர் கிரீஸே கொண்டுவந்தார். எண்ணெயில் குளித்த இரும்பில் அது எங்கே ஒட்டும்?

எப்படியோ ஒருமுறை இரண்டும் விழாமல் அச்சு உள்ளே போய்விட்டது. வெற்றி என்று சக்கரத்தைச் சுற்றினால் அது சுற்றவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி முறைத்துக்கொண்டு நின்றது. செயின் கோணியிருந்தது. இரண்டு ஸ்பேசரும் ஒரே அளவு இல்லையாம், இடது நீளம், வலது குட்டை. நான் மாற்றி வைத்திருக்கிறேன். மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "கல்யாணமான புதுசுல எனக்குத் தச்ச ஜாக்கெட்லயும் இடது கையை வலது தோள்லதான் வச்சீங்க. இந்த வண்டிச் சனியன் வீட்டை விட்டுப் போனாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். அந்த ஜாக்கெட்டுக்குப் பிறகு அவள் துணியெல்லாம் அடுத்த தெருத் தையல்காரரிடம்தான் போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஊருக்கெல்லாம் தைக்கிறவன் வீட்டு நிலைமை இதுதான் மாப்பிள்ளை.

மறுபடி அச்சை உருவினேன். மறுபடி 'டிங், டிங்.' மணி பத்தைத் தாண்டிவிட்டது, மெக்கானிக்கும் ஊருக்குப் போயாயிற்று. சத்தம் கேட்டு உங்கள் மனைவி இறங்கி வந்தாள். தரையில் கிடந்த சக்கரத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்லப்பா, அடுத்த மாசமும் டெஸ்ட் வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். டெஸ்ட் வைப்பார்கள். வேலை காத்திருக்காது. அது எங்கள் மூவருக்குமே தெரியும். அழுதால் கண்ணைத் துடைக்கவும் முடியாது, கையெல்லாம் எண்ணெய்.

சட்டையில் கையைத் துடைக்கும்போது, எப்போதும் அங்கே குத்தி வைத்திருக்கும் ஊசி விரலில் குத்தியது. அதில் வெள்ளை நூல் கோத்தபடியே இருந்தது. கோட்டுக்குக் கை வைக்கும்போது துணி நகராமல் இருக்க நாங்கள் என்ன செய்வோம்? கையால் பெரிது பெரிதாக ஒரு தற்காலிகத் தையல் போட்டுக்கொள்வோம், மெஷினில் ஓட்டி முடித்ததும் அதைப் பிரித்து எடுத்துவிடுவோம். துணிக்குச் செய்வதை இரும்புக்குச் செய்தால் என்ன? நீளமானதை இடது பக்கம் வைத்து, துளையை மறைக்காமல் ஓரத்தை மட்டும் பிடிக்கிற மாதிரி நூலைக் குறுக்கே இழுத்துச் சக்கரக் கம்பிகளில் முடிந்தேன். குட்டையானதை வலது பக்கம் பிரேக் தகட்டோடு சேர்த்துக் கட்டினேன். சக்கரத்தைத் தூக்கி உலுக்கினேன். விழவில்லை. கவிழ்த்தேன். விழவில்லை!

இனி நடந்ததுதான் எனக்கே ஆச்சரியம். யாரும் கூப்பிடாமலே உங்கள் அத்தை இறங்கி வந்து, இஸ்திரி போடும் பலகையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். "இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே என் மகள் அச்சை உள்ளே தள்ளினாள். நான் கத்தரியால் நூலை வெட்டி உருவினேன். பூட்டுக்காரர் செயினையும் பிரேக்கையும் சரிபார்த்து நட்டை இறுக்கினார். என் மகள் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அது நிற்கவே மனசில்லாமல் சுற்றியது. நாலு பேரும் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி பல்லெல்லாம் தெரிய நின்றோம்.

ஆகவே மாப்பிள்ளை, வண்டியை விற்காதீர்கள். அது இனி அவள் பிழைப்பு. ஸ்டேஷனில் அவளைப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரி திகைத்து நில்லுங்கள். எண்ணெய் விஷயத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் பாலம் கோணாமல் எழும்பட்டும், நீங்கள் நல்லபடியாக வந்து சேருங்கள். எங்கள் மூவரின் அன்பும் ஆசியும் என்றும் உங்களுக்கு உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை ஆகிவிட்டது. டெஸ்டில் தேறிவிட்டாள்! வேலையும் உறுதியாகிவிட்டது. ஆனால் வேலை கொடுத்தவர்களே அவளுக்கு ஒரு ஸ்கூட்டர் தருகிறார்களாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். வண்டியை நீங்கள் தாராளமாக விற்கலாம். வெளியே மட்டும் ஆள் தேட வேண்டாம், நானே வாங்கிக்கொள்கிறேன். அத்தனை பாடுபட்டுத் தைத்ததை அடுத்தவனுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்று காலை மைதானத்தில் உங்கள் மனைவி எனக்கு முதல் பாடம் எடுத்தாள், ஒரு சுற்று விழாமல் வந்தேன். உங்கள் அத்தை ஓரமாக நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அளவு நாடாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "பின்னாடி உக்கார்றதுக்குச் சேலை சரிப்படாது. எனக்கு ஒரு பேன்ட் தச்சுக் குடுங்க. இடது காலை வலதுல வச்சுடாதீங்க" என்றாள்.