துரையின் முதுகுக் காயம்

துரையின் முதுகு வெந்துவிட்டது.

துரை ஓர் ஓணான். நாய் வளர்ப்பது பழசாகி, தெருவே ஓணானுக்கு மாறியபோது ஓய்வுபெற்ற கண்காணிப்பாளரும் ஒன்று வாங்கினார். குளிர்காய விளக்கு மாட்டினார். தாழ மாட்டிவிட்டார். கட்டைவிரல் நகமளவு தோல் உரிந்து, தொட்டி மணல் அதில் ஒட்டிக்கொண்டது. துரை தீனியைத் தொடவில்லை. கண்காணிப்பாளருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

"விளக்கை ஏத்திக் கட்டுங்க. உப்புத்தண்ணியில மெதுவா கழுவி, மணலை எடுத்துட்டு சுத்தமான காகிதம் விரிச்சா போதும்," என்றாள் மனைவி.

"நீ என்ன டாக்டரா? முறைன்னு ஒண்ணு இருக்குடி."

துரையைப் பெட்டியில் வைத்துக் கால்நடை அலுவலகம் போனார். அவரே ஆண்ட இடம்.

எழுத்தர் எட்டிப் பார்த்தார். "முட்டை போடுமா சார்?"

"இது ஆண்யா."

"அதோட சாதி போடுமான்னேன்."

"போடும்."

"அப்போ பறவைப் பிரிவு."

பறவை மருத்துவர் துரையைப் புரட்டி இறக்கை தேடினார். இல்லை. நாலு கால் இருந்ததால் மாட்டுப் பிரிவுக்கு அனுப்பினார்.

மாட்டு மருத்துவர் இரக்கமுள்ளவர். "மருந்து போட்டுடலாம். மூக்கணாங்கயிறு கட்டாததை மேசையில ஏத்தக்கூடாதுன்னு உத்தரவு. கட்டிட்டு வாங்க."

"ஓணானுக்கா? எந்த மடையன்யா அந்த உத்தரவைப் போட்டது?"

மருத்துவர் தொண்டையைச் செருமினார். "நீங்கதான் சார்."

கண்காணிப்பாளர் சற்று யோசித்தார். "நோக்கம் நல்ல நோக்கம்தான்," என்றார்.

விஷயம் எட்டியதும், பழைய மரியாதைக்காக அலுவலக மேலதிகாரி உடனே ஒரு சுற்றறிக்கை அச்சடித்து, தெருவுக்கே விநியோகிக்கக் கட்டாகக் கொடுத்தனுப்பினார். 'ஓணான் பிரிவு அமையும்வரை, மேற்படி காயம் மேற்படி நிலையிலேயே பேணப்பட வேண்டியது.'

கண்காணிப்பாளர் அப்படியே பேணினார். பகலில் அவர் குறட்டை விடும்போது மட்டும் பேணுதல் கொஞ்சம் தளர்ந்தது.

ஓணான் பிரிவு அமைந்தது. முதல் நோயாளியைப் பார்க்க மேலதிகாரியே மாலையோடும் அலுவலக ஆட்களோடும் வீட்டுக்கு வந்தார். துரை தோலுரித்து, பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"காயம் எங்கே?"

கண்காணிப்பாளர் கைகட்டி நின்றார். "உத்தரவை மீறி ஆறிடுச்சு சார். மன்னிக்கணும்."

மேலதிகாரி தொட்டிக்குள் குனிந்தார். துரையின் வயிற்றடியில் அவருடைய சுற்றறிக்கை.

"பார்த்தீங்களா! நம்ம சுற்றறிக்கையாலதான் ஆறியிருக்கு!"

எல்லாரும் கைதட்டினார்கள். கண்காணிப்பாளர் பலமாகத் தட்டினார்.

"ஆமாங்க," என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "இவ்வளவு சுத்தமான காகிதம் எங்கேயும் கிடைக்காது. ஒருத்தர் கைகூடப் படலை. இன்னொரு கட்டு இருந்தா குடுத்துட்டுப் போங்க."

உப்புத்தண்ணிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னவள், துரையின் வைத்தியர். கண்காணிப்பாளரின் மனைவி.